காசு வாங்கியவள்

"காசு வாங்கிட்டாளாம்." போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த பெண்ணின் கதையை ஊர் இந்த இரண்டு சொல்லில் முடித்துவிடும். அதே பணத்தை அப்பனோ அண்ணனோ வாங்கினால் 'கேஸ் நடத்தி ஜெயிச்சான்' என்பார்கள். தாய் வாங்கினால் மட்டும் அது பிணத்தை விற்ற காசு. உயிருக்கு விலை வாங்கலாமா என்று உண்மையாகவே கேட்பவர்களும் இருக்கிறார்கள். என் மாணவிகளில் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாவு நடந்த மறுநாளே அரசு அறிவிப்பது நிவாரணம். புயலுக்கும் தருவார்கள், பட்டாசு ஆலை விபத்துக்கும் தருவார்கள். யார் செய்த குற்றம் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. இழப்பீடு வேறு. அது கேட்டுப் பெறுவது. நீ செய்தாய், அதனால் கொடு என்பது. நிவாரணத்தை வாங்குகிறவள் கை தாழ்ந்திருக்கிறது. இழப்பீடு கேட்கிறவள் விரல் நீட்டுகிறாள்.

ஒடிசாவின் நீலாபதி பெஹரா அப்படி விரல் நீட்டியவர். 1987 டிசம்பர் 1 அன்று அவருடைய 22 வயது மகனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத் தப்பி ஓடினான், ரயில் அடித்துவிட்டது என்றது போலீஸ். அந்தத் தாய் 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1993இல் தீர்ப்பு வந்தது: கயிற்றுக் கதை நம்பத்தக்கதல்ல, அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தர வேண்டும். அதோடு, பொறுப்பான போலீஸ்காரர்கள் யாரென்று கண்டு அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. ஆக, காசு வாங்கினால் கேஸ் முடிந்துவிடும் என்று ஸ்டேஷன் வாசலில் சொல்லும் பேச்சு சட்டத்தில் இல்லை.

இது எளிதில் கிடைத்த வாசலுமல்ல. மீரட்டில் போலீஸ் பிடித்துவைத்த தங்கத்தை ஒரு தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிய வழக்கில், போலீஸ் வேலை அரசின் இறையாண்மை சார்ந்தது, எனவே அரசு பொறுப்பல்ல என்று 1964இல் அதே உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. அந்தப் பழைய சாக்கு உயிருரிமை மீறப்பட்ட இடத்தில் செல்லாது என்று சொல்லவைத்ததில் ஒரு தாயின் கடிதத்துக்குப் பங்கு உண்டு. இன்றும் சாதாரண உரிமையியல் வழக்காகப் போட்டால் இரண்டு மாத முன்னறிவிப்பு, கேட்கும் தொகைக்கேற்ற கட்டணம், பல வருட அலைச்சல். பேராசைக்காரிகள் இந்த வழியில் வருவார்கள் என்று யார் நம்புவது?

எனக்கு உறுத்துவது வேறு. பெஹரா வழக்கில் தொகையைக் கணக்கிட, மகனின் மாத வருமானம் 1200 முதல் 1500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள். செத்தது சம்பளமில்லாமல் வீட்டில் உழைத்த மகளாக இருந்தால்? லாக்கப்பில் வல்லுறவுக்கு ஆளான பெண் எந்தக் கூலியை இழந்தாள் என்று எழுதுவது? கூலியை வைத்து உயிரை அளக்கும் கோல் நம்மை ஆரம்பத்திலிருந்தே குறைத்துத்தான் அளக்கிறது. அதற்காக அளக்கவே வேண்டாம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. கோலை மாற்றச் சொல்லி வாதாட வேண்டும்.

மேடைப் பேச்சாளர்களுக்குக் கண்ணகியை இழுக்காமல் இருக்க முடியாது. அவள் நட்டஈடா கேட்டாள் என்பார்கள். அரசன் தன் தவறு தெரிந்ததும் உயிரை விட்டான். நம் அரசுகள் மேல்முறையீடு செய்கின்றன. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய பேரப்பிள்ளைகளும் கண்ணகிக்கு இல்லை.

பணம் நம் வரியிலிருந்துதானே போகிறது, அடித்தவனுக்கு என்ன வலி என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு நெடுநாள் பதிலில்லாமல் இருந்தது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011இல் தண்டனை. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. அதில் 5 லட்சத்தை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது. 31 வருடம் கழித்து. அந்த ஐந்து லட்சம் அரசு கஜானா ரூபாயைப் போன்றதல்ல என்று அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.