பேசாத வாயு

நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறு. அது பேசாது. மைனஸ் 260 டிகிரி குளிரில் அநேகமாக எந்த ஒளியும் விடாமல் கிடக்கும். புதிதாய்ப் பிறந்த நட்சத்திரம் சுட்டாலோ அதிர்ச்சியலை மோதினாலோதான் 2.12 மைக்ரானில், அகச்சிவப்பில், ஒரு முனகல். ஆகவே வானவியலாளர்கள் வேறொன்றை விசாரிக்கிறார்கள்: பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்ஸைடு. 1970ல் வில்ஸன், ஜெஃபர்ட்ஸ், பென்ஸியாஸ் மூவரும் ஓரியன் மேகத்தில் அதன் 2.6 மில்லிமீட்டர் அலையைப் பிடித்தார்கள். அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, மௌனமாயிருப்பதன் மொத்த எடையையும் சொல்லிவிடுகிறார்கள். (கரியைத் தோண்டிப் பிழைக்கும் ஊரிலிருந்து எழுதுகிறவனுக்கு, அங்கும் கார்பன்தான் சாட்சி என்பது சற்று வேடிக்கை.)

பத்தாயிரத்தில் ஒருவன் பேச்சை வைத்து மற்றவர்களைப் பற்றிச் சொல்ல யாருக்கு என்ன உரிமை? ‘மக்கள்’ என்று நாம் எழுதும்போதெல்லாம் நம் கையிலும் ஒரு பெருக்கெண் இருக்கிறது. வானவியலாளன் தன் எண்ணை வெளியே வைக்கிறான். அது இடத்துக்கு இடம் மாறும் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். விமர்சகன் வைப்பதில்லை.

சுரங்கத்துக்கு நிலம் போன கிராமத்திலிருந்து ஒரு கிழவி என் கவுண்ட்டருக்கு வருவாள். கூடவே உறவுக்காரப் பையன். “ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் சொல்றேன், எழுதுங்க.” எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள். அந்த மாதமே நிலமிழந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அதிலிருந்த துக்கம் முழுக்கப் பையன் சொன்னது.

இன்னொரு விஷயம். இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி கார்பன் மோனாக்ஸைடை உடைத்துவிடும். ஹைட்ரஜன் அதைவிட நன்றாகத் தன்னைக் காத்துக்கொள்ளும். சாட்சி போய்விட்டது, ஆள் இருக்கிறான், வரைபடத்தில் வெற்றிடம். உடைந்த கார்பன் மின்னேற்றமடைந்து 158 மைக்ரானில் ஒளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி அதைத் தரைக்கு விடாது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் 100 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஜப்பானிய நிறமாலைமானியைப் பொருத்தி, ஹைதராபாத்திலிருந்து பலூனில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி அதை அளந்தார்கள். இந்தச் சிரமம் எனக்குப் பொறாமையளிக்கிறது. ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

போன வாரம் ஆயா தனியாக வந்தாள். பையன் திருப்பூருக்குப் போய்விட்டானாம். சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “எவ்வளவு வேணும் ஆயா?” என்று முதல்முறையாகக் கேட்டேன்.

“நீயே பாத்து எழுது தம்பி” என்றாள்.