வாக்குச் சீட்டும் தராசும்



மார்க்கப் பற்றுள்ள மனிதன் வாக்களிக்கப் போகும்போது மார்க்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதா, கையோடு கொண்டுபோவதா? இக்கேள்வி சில காலமாக நம் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கிறது. நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடையில் அமர்ந்தோம். ஆயினும் தராசு பிடிக்கும் கைக்கும் கொஞ்சம் நியாயம் தெரியும் என்ற துணிவில் இதை எழுதுகிறோம்.

நம் கடை கூலிம் வட்டாரத்தில், பாடாங் செராய்க்குப் பக்கம். 2022 நவம்பர் 19-ல் பொதுத் தேர்தல் நடந்தது. நம் தொகுதியிலோ, வேட்பாளர் ஒருவர் சில தினங்களுக்கு முன் காலமானதால், வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப் போயிற்று. அந்த இடைநாட்களில் ஒரு மாலை, இருபது வருஷமாக நம்மிடம் பற்று வைத்துச் சாமான் வாங்கும் தோட்டத்துப் பெரியவர் கேட்டார்: "பாய், எங்கள் ஆளுக்கு ஓட்டுப் போட்டால் பாவம் என்று உங்கள் ஆட்கள் பேசிக்கொள்கிறார்களாமே, நிஜமா?"

"அப்படியெல்லாம் இல்லை அண்ணே" என்றோம். அது பொய். முதல் நாள்தான் ஒருவர் நம் கடை வாசலில் நின்று அதையே சொன்னார். மறுத்தால் வாடிக்கை போய்விடுமோ என்று அஞ்சித் தலையாட்டினோம். இரண்டு வாடிக்கையாளருக்கு இரண்டு விதப் படிக்கல் வைத்து நிறுத்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நிற்க. மார்க்கத்தின் பெயரால் ஒரு கூட்டம் திரண்டு வாக்களிப்பது நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. அமெரிக்காவில் 1976-ல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜிம்மி கார்ட்டர், தம்மைச் சுவிசேஷக் கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர்; ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்தியவர். 1979-ல் ஜெரி ஃபால்வெல் என்ற போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற இயக்கத்தைத் துவக்கினார். மறு வருஷமே அவ்வியக்கம் வேதபாடம் நடத்திய கார்ட்டரை எதிர்த்து, மணவிலக்காகி மறுமணம் செய்த நடிகர் ரீகனுக்காக உழைத்தது, ரீகன் வென்றார். பக்தி ஒரு பக்கம், கட்சி ஒரு பக்கம் என்றானபோது கட்சியே கனத்தது. 2016, 2020, 2024 தேர்தல்களிலும் அப்பிரிவின் வெள்ளையரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் டிரம்புக்கு வாக்களித்ததாகக் கணிப்புகள் காட்டின. கருக்கலைப்பை எதிர்ப்பது அவர்களில் பலருடைய மனச்சாட்சி, அதை இகழ்வதற்கில்லை. ஆனால் 2018-ல் அமெரிக்கத் தூதரகம் ஜெருசலேமுக்கு மாற்றப்பட்டு, அவர்களுடைய போதகர்கள் அங்கே ஜெபித்தபோது நாம் கொதித்தோம். "எங்கோ ஒரு சபையில் கேட்ட பிரசங்கம், ஃபலஸ்தீனச் சகோதரன் வாசலில் வந்து விழுகிறதே" என்று கடையில் அமர்ந்து பேசினோம். அன்று பேசிய வாய் இன்று மௌனமாக இருக்கலாமா?

நம் கெடாவுக்கு வருவோம். 2022-ல் பாஸ் கட்சி 43 இடங்களை வென்று நாடாளுமன்றத்தில் தனிப் பெருங்கட்சி ஆயிற்று. கெடாவின் 15 தொகுதிகளில் 14 அதன் கூட்டணிக்கே கிடைத்தன. 2023 ஆகஸ்ட் 12-ல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 36-க்கு 33. விலைவாசி, லஞ்சம் என்று பல காரணங்களை எண்ணியே ஜனங்கள் வாக்களித்திருப்பார்கள். மார்க்கமும் அவற்றில் ஒன்று. அதைக் குற்றமென்று நாம் சொல்லவில்லை. எக்கட்சிக்கும் நாம் வக்காலத்து வாங்கவுமில்லை.

ஆனால் 1980-களை மறக்கலாகாது. 1981-ல் திரெங்கானுவில் ஹாடி அவாங் ஆற்றிய உரை, அம்னோவை எதிர்ப்பது ஜிஹாத் என்ற கருத்தைக் கம்பங்கள்தோறும் பரப்பிற்று. கலிமா சொன்னவர் ஒருவரையொருவர் காஃபிர் என்றனர். ஒரே பள்ளியில் இரண்டு இமாம்கள், இரண்டு ஜமாஅத்துகள். ஒரு கட்சிக்காரர் அறுத்ததை மறு கட்சிக்காரர் உண்ணவில்லை. 1985 நவம்பர் 19-ல் பாலிங் மெமாலியில் கம்பத்தார் 14 பேரும் போலீசார் 4 பேரும் மாண்டனர். அப்போது நமக்கு ஏழு வயது. தந்தையார் கடையில் கோழி வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்குமுன் "அறுத்தவர் எந்தக் கட்சி?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு நடந்தது என்ன? 2019 செப்டம்பர் 14-ல் அதே அம்னோவும் பாஸும் ஒரே மேடையில் உடன்படிக்கை செய்துகொண்டன. 2022-ல் மறுபடி எதிரெதிரே நின்றன. கட்சிகள் கூடும், பிரியும். அது அரசியலின் இயல்பு. ஆனால் கட்சியே மார்க்கம் என்று நம்பி, உடன்பிறந்தான் ஜனாஸாவுக்கும் போகாதிருந்தவனுக்கு அந்த நாளை யார் திருப்பித் தருவார்?

"அப்படியானால் ஆலிம்கள் சொல்வதைக் கேட்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். அவசியம் கேட்க வேண்டும். லஞ்சம் ஹராம், பொய் ஹராம், அமானிதத்தில் மோசடி ஹராம் என்று அவர்கள் நம் கையில் தராசைத் தருகிறார்கள். எடைபோடுவது நம் வேலை. வாக்கு என்பது சாட்சியம். 'இவர் நாணயமானவர், தகுதியுள்ளவர்' என்று நாம் சொல்லும் சாட்சி. தான் அறிந்ததைச் சொன்னால்தான் அது சாட்சி. இன்ன சின்னம் சுவர்க்கம், இன்ன சின்னம் நரகம் என்று பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் அது சாட்சியாகாது. சரக்கெடுக்கும்போது மூட்டையின் முத்திரையை மட்டும் நம்புகிறோமா? குத்தூசி போட்டு, அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தபின் அல்லவா விலை பேசுகிறோம்!

இன்னொன்று. தாயகத்தில் நம் உறவினர் சிறுபான்மையினர். அங்கே மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951-ஆம் வருஷத்துத் தேர்தல் சட்டம் முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும், வேட்பாளர் மதமாயினும் வாக்காளர் மதமாயினும் அத்தடை பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம். அங்கே நமக்கு நிழலாகும் நியாயம், இங்கே தோட்டத்து அண்டைவீட்டாருக்கு வேண்டாமா?

ஆகவே, மார்க்கத்தைக் கையோடு கொண்டுபோவோம். பிறனை அடிக்கும் கோலாக அன்று, நம்மையும் சேர்த்து நிறுக்கும் தராசாக.

தேர்தல் முடிந்து சில நாள் கழித்து அந்தப் பெரியவரிடம் சொன்னோம்: "அண்ணே, அன்று நான் சொன்னது பொய். பேசினார்கள்; நானும் மறுக்காமல் நின்றேன். மன்னிக்க வேண்டும்." அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். "தெரியும் பாய். சீனி ஒரு கிலோ, கணக்கில் எழுதுங்கள்" என்றார்.

எழுதினோம். அன்று நிறுத்தது சரியான எடை.

சத்தியத்தைச் சத்தியமென்று அறிந்து, அஞ்சாமல் சொல்லும் ஈமானை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.