நாய்க்குத் தனிமைத் தண்டனை

நாய் வளர்ப்போரிடையே இக்காலத்தில் ஒரு வழக்கம் பரவியுள்ளது. விளையாட்டில் கையைக் கடிக்கும் குட்டியையும், உணவு மேசையருகே ஓயாது குரைக்கும் நாயையும் அவர்கள் அடிப்பதில்லை, மிரட்டுவதுமில்லை. பேசாது கொண்டுபோய் வேறோர் அறையில் விட்டுச் சிறிது நேரங்கழித்துக் கதவைத் திறந்துவிடுகின்றனர். பிரம்படி பட்டே வளர்ந்த நம்மவரிற் பலர் இதனைக் கேட்டு நகைப்பர். நகைக்கத்தக்கதன்று என்பதே நம் கருத்து. ஆயினும், குற்றம் இன்னதென்றறியாத உயிரைத் தண்டிக்கும் உரிமை நமக்குண்டா என்பது ஆராயத்தக்கது.

"தான் செய்தது தவறென்று நாய்க்குத் தெரியும், அதன் முகத்தைப் பாருங்கள்" என்பர். செவி தாழ்த்தி, வாலை இடுக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அத்தோற்றத்தை யார்தான் கண்டிலர்! 2009ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் வெளியிட்ட சோதனை இந்நம்பிக்கையை அசைத்துவிட்டது. உண்ணாதே என்று விலக்கிய தின்பண்டத்தோடு நாயை விட்டு, உடையவரை வெளியே அனுப்பினர். அவர் திரும்பியதும், நாய் செய்ததைப் பற்றிச் சிலவேளை மெய்யும் சிலவேளை பொய்யும் கூறினர். உண்ட நாய்க்கும் உண்ணாத நாய்க்கும் முகத்தில் வேறுபாடு காணப்படவில்லை. உடையவர் கடிந்தபோதுதான் அக்குற்ற முகம் மிகுந்தது. அதிலும், உண்ணாமலே வசையேற்ற நாய்களிடம் இன்னும் மிகுந்தது! நாம் குற்றவுணர்வென்று எண்ணியது நம் சினத்துக்கு அது தந்த மறுமொழியே.

ஆகவே, மாலையில் வேலை முடிந்து வந்து, காலையிற் கிழிபட்ட செருப்பைக் காட்டி நாயை அறையில் அடைப்பவர் நீதி செலுத்துபவரல்லர். எசமானர் வந்தார், கதவு மூடிற்று என்பதற்குமேல் அவ்வுயிர் ஒன்றும் அறியாது. செயலை விளைவு உடனே தொடர்ந்தாலன்றி நாய் இரண்டையும் இணைத்துக் காணாது. அடைக்கும் நேரமும் அரை நிமிடமோ, ஒன்றிரண்டு நிமிடமோ போதும். அதற்குமேல் நீள்வது நம் கோபத்தின் ஆறுதலுக்கேயன்றி நாயின் கல்விக்கன்று.

இம்முறையைச் சார்லஸ் பெர்ஸ்டர் என்பார் சிம்பன்சிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்து 1958ல் வெளியிட்டார். கிடைத்துக்கொண்டிருந்த பரிசின் வாய்ப்பைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதே அதன் உயிர்நாடி. அறையும் கதவும் வெறும் கருவிகள். நாய் இழப்பது விளையாட்டையும் நம் பார்வையையுமேயாம். எனின், லயத்தின் பின்புறத்தில் பகலெல்லாம் சங்கிலியிற் கிடக்கும் நாயிடமிருந்து எதனை எடுத்துக்கொள்ளப் போகிறோம்? தோழமையைக் கொடுத்தவரன்றோ அதனைச் சற்றே நிறுத்திப் பயிற்ற இயலும்? அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்க அஞ்சியும், இடியோசைக்கு நடுங்கியும் குரைக்கும் நாயைக் குளியலறையில் அடைப்பதோ முழுக் கொடுமை. அச்சத்துக்கு மேலும் அச்சத்தையே அது சேர்க்கும்.

கதவைத் திறந்த பின்னரும் முகங்கொடாதிருப்போர் சிலருளர். அதுவும் வேண்டாத வேலை. குட்டி மீண்டும் கையை நாடி வந்தால், முடிச்சிட்ட பழந்துணியொன்றை அதன் வாயிற் கொடுத்துப் பார்க்கலாம். பல் முளைக்கும் பருவத்தில் அதற்கு எதையாவது கடித்தே ஆகவேண்டும்.