அகத்தேடலும் அயலவர் துயரும்

உள்ளொளியைத் தேடுதல் மனிதனின் கடமையா, அன்றிக் கடமையினின்றும் அவன் நழுவிச் செல்லும் வழியா? கேள்வி பழையது. ஆயினும் அண்மையில் உருத்திரபுரத்து வாய்க்கால் வரம்பொன்றில் அது நம்மிடம் புதிதாகக் கேட்கப்பட்டது. நம்மிடம் கற்றுப் பல்கலைக்கழகம் சென்ற மாணவர் ஒருவர், மேனாட்டு மெய்ஞ்ஞானியரின் நூல்களைத் தேடிப் படித்து வருவதாகச் சற்றே கூச்சத்துடன் கூறினார். பின்பு கேட்டார்: “சேர், பிள்ளையளைத் துலைச்ச தாய்மார் றோட்டோரத்தில இருக்கேக்க, நான் மனஅமைதி தேடுறது பிழையோ?”

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கி, ஆண்டுக்கணக்காக நீடித்த போராட்டத்தையே அவர் குறிப்பிட்டார். அத்தாய்மாரைக் கடந்துதான் நம்மூரவர் பலரும் நாளாந்தம் நகருக்குச் சென்று வந்தனர்.

முற்போக்காளரிற் சிலர் இதற்கு நொடியில் விடை தந்துவிடுவர்: சமயம் மக்களின் அபின், எனவே புத்தகத்தை மூடுக! ஆனால் 1844இல் அவ்வாறெழுதிய மார்க்ஸ், நசுக்கப்பட்டோரின் துயரம் சமயத்தினூடே ஒலிப்பதையும் அதே பந்தியிற் சுட்டினார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அபின் உண்பவனைப் பழிப்பது எளிது. அவனது நோவு யாதென வினவுவதே கடினம்.

மேலும், இத்தேடல் நமக்கு அந்நியமானதன்று. பாதிரிப் பதவியைத் துறந்து தொழிலாளருக்குக் கல்வி புகட்டிய ஆங்கிலச் சமதர்மவாதி எட்வேட் கார்ப்பென்ரர், கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தின் தொடர்பால் 1890இல் இலங்கைக்கு வந்து, தமிழ் ஞானி ஒருவரின் காலடியிற் பாடங்கேட்டார். பின்னர் இங்கிலாந்து மீண்டு தம் இயக்கப் பணியைத் தொடர்ந்தார். அருணாசலமும் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் அமைத்தார். ஆனந்த குமாரசுவாமி, ஜேர்மன் ஞானி எக்கார்ட்டையும் சங்கரரையும் அருகருகே வைத்துக் கற்றார். அருணாசலத்தின் தமையன் இராமநாதனோ மத்தேயு, யோவான் ஆகியோரின் சுவிசேஷங்களுக்குச் சைவ ஞானத்தின் ஒளியில் விரிவுரை கண்டு 1898இலும் 1902இலும் வெளியிட்டார்.

இங்கேதான் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். கிறிஸ்துவின் மொழியிலும் சிவஞானத்திலும் ஒரே உண்மையைக் கண்ட அதே இராமநாதன், 1927–28இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமை பற்றி ஆராய்ந்தபோது அதனை எதிர்த்து நின்றார். அவர் நிறுவிய கல்லூரிகளை நாம் மறக்கவில்லை. ஆயினும் எல்லா உயிரும் ஒன்றென உணர்ந்த உள்ளம், கூலிக்காரனுக்கும் சீமானுக்கும் வாக்கு ஒன்றே எனக் கொள்ள மறுத்ததேன்? ஒருமையைக் காண்பது வேறு, அதற்கு இணங்க வாழ்வது வேறு என்பதன்றி வேறென்ன விடை? அகத்தேடலை அளக்குங் கோல் அது தரும் இன்பமன்று. அது நம்மை யாரருகே கொண்டு சேர்க்கின்றது என்பதே.

இக்கோலால் அளந்தால் மேனாட்டு ஞானியருட் சிலர் நிமிர்ந்து நிற்கின்றனர். இலத்தீனில் வல்லவராயிருந்தும் பாமரரின் ஜேர்மன் மொழியிற் போதித்தவர் எக்கார்ட். பரவசத்தில் ஆழ்ந்திருக்கும் வேளையிலும் நோயாளி ஒருவனுக்குக் கஞ்சி தேவையென அறிந்தால், பரவசத்தை விட்டெழுந்து கஞ்சி கொடுப்பதே மேலென்பது அவர் கருத்து. அவர் இறந்தபின், 1329இல், அவருடைய 28 கூற்றுகளைப் பாப்பரசர் கண்டித்தார். வணிகத்தில் நொடித்து மாடு மேய்த்த ஜெரார்ட் வின்ஸ்ரன்லி, தாம் உணர்நிலை கடந்து கேட்ட குரல் சேர்ந்துழைத்துச் சேர்ந்துண்ணப் பணித்ததென்றார். 1649 ஏப்ரலில் ஏழைகளுடன் சென்று பொதுத்தரிசைக் கொத்திப் பயிரிட்டார். நிலவுடைமையாளர் அவர்களை அடித்து விரட்டினர். காடு வெட்டிக் கழனியாக்கிய மூதாதையரின் வழிவந்த உருத்திரபுரத்தார்க்கு இவ்வரலாறு விளங்காமற் போகாது.

நம்மைப் போல் ஆசிரியையாயிருந்த சிமோன் வெய்ல், 1934 டிசம்பரில் விடுப்பெடுத்துத் தொழிற்சாலையிற் கூலியாளாய்ச் சேர்ந்தார். பின்னர் கிறிஸ்துவின்பால் ஈர்க்கப்பட்டும் நெடுங்காலம் ஞானஸ்நானம் பெறாது திருச்சபையின் வாசலுக்கு வெளியே நின்றார், கீதையையும் கற்றார். நாசிகளின் பிடியிலிருந்த பிரான்சு மக்களினும் அதிகம் உண்ண மறுத்து, நோயுற்ற நிலையில் 1943இல் இங்கிலாந்தில் மாண்டார். அவர் பட்டினி எவர் பசியையும் தீர்க்கவில்லை; அதனை நாம் முன்மாதிரியாகக் கொள்ளோம். ஆனால் அவர் விட்டுச்சென்ற ஓர் எண்ணம் நமக்கு வேண்டும். துன்புறுவோனை ஒரு வகையினனாகக் காணாது, அவனுக்கு நேர்ந்தது யாதெனக் கேட்டு, நம்மை மறந்து செவிசாய்க்கும் கவனமே அன்பின் சாரம் என்றார் அவர்.

அத்தாய்மாரிடம் சென்றோர் பலர். படமெடுத்தோர், பேசியோர், அறிக்கை விட்டோர் உளர். அவர்களுள் முழுமையாகக் கேட்டோர் எத்தனை பேர்? நாமுந்தான் ஒருநாள் கையில் எழுதிய உரையுடன் சென்றோம். ஒரு தாய் தன் மகனின் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, நம் மனமோ நாம் பேசவேண்டிய முறை எப்போது வரும் என்பதிலேயே இருந்தது. அன்று நம்மிடம் கொள்கை இருந்தது, உள்ளமைதி இருக்கவில்லை. அமைதியற்ற மனத்துக்குப் பிறர் துயரும் சுலோகமாகவே கேட்கும்.

ஆகவே மாணவருக்கு நாம் கூறியது இதுவே: தேடுவது பிழையன்று. ஆனால் வேர்களையும் கடமைகளையும் விட்டு, பல மரபுகளிலிருந்தும் இனியவற்றை மட்டும் பொறுக்குவது ஞானமன்று, அது நுகர்வு. எக்கார்ட்டைப் படித்த மாலையில் அத்தாய்மாரிடம் போய் இரும், பேசாமல் இரும், கேளும். அங்கே இருக்க முடியாத அமைதி எதுவோ, அது உமக்கு வேண்டாம்.

அவர் மறுமொழி கூறவில்லை. அன்று தண்ணீர் முறை. தலைப்பு வயற்காரர் மடையை அடைத்தாலன்றிக் கடைசி வயலுக்கு நீர் செல்லாது. தம் வயல் நிரம்பியதைக் கண்ட அவர், மண்வெட்டியை எடுத்து மடையை அடைக்கப் போனார்.