வீட்டுக்குள் கூப்பிடும் பெயர்



"எனக்கு ஜெபிக்கத் தெரியாது சாமி, புத்தகத்துல இருக்கிற மாதிரி வார்த்தை வராது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பங்கில் நிறையப் பேர். அவர்களை மனதில் வைத்தே இன்று பேசுகிறேன்.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு இது. ஊதா போய் ரோஜா நிறத் திருவுடை வந்திருக்கிறது. இங்கிலாந்தில் இதை அன்னையர் ஞாயிறு என்பார்கள். பெரிய வீடுகளில் வேலைக்கிருந்த இளம்பெண்கள் அன்று விடுப்பு வாங்கிக்கொண்டு, திருமுழுக்குப் பெற்ற தாய்க்கோவிலுக்கும் பெற்ற தாயிடமும் போய்வந்த வழக்கம் அது. மே மாதம் வருகிற அன்னையர் தினம் வேறு. அது 1908-ல் அமெரிக்காவில் தொடங்கியது.

அந்தப் பெண்கள் வாசலில் நின்று என்னவென்று கூப்பிட்டிருப்பார்கள்? எல்லாருக்கும் ஆங்கிலம்தான், ஆனால் சொல் ஒன்றல்ல. லண்டன் பக்கம் 'மம்'. நியூகாசிலிலும் வேல்ஸிலும் 'மேம்'. நம் காதுக்கு டீச்சரைக் கூப்பிடுவதுபோல் இருக்கும், அவர்களுக்கோ அது அடுப்படிச் சொல். அயர்லாந்தில் நரைத்த மகன்கூட 'மேமி' என்பார். பர்மிங்காமில் 'மாம்'. அமெரிக்கப் படம் பார்த்துக் கெட்ட பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. பாவம், அது அந்த வட்டாரத்தின் சொந்தச் சொல்.

ஊர் மாறினாலும் இந்த 'ம்' மட்டும் போகவில்லை, கவனித்தீர்களா? நம் 'அம்மா'விலும் அதுதான். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியறிஞர் 1960-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: பால் குடிக்கும் பிள்ளையின் வாய் மார்பில் பதிந்திருக்கும்போது மூக்கு வழியாக மட்டுமே ஒலி வரும். அந்த முனகல் பிறகு பசிக்கு ஆகிறது; அதன் பிறகு பசி ஆற்றுகிறவளுக்கு ஆகிறது. இலக்கணம் கற்றுவிட்டா பிள்ளை அழுதது?

புனித பவுல் கிரேக்கத்தில் எழுதியவர். உரோமையருக்கு எழுதும்போது ஓரிடத்தில் கிரேக்கம் அவருக்குப் போதவில்லை. இயேசு கெத்சமனியில் வியர்வை சொட்டச் சொட்டக் கூப்பிட்ட 'அப்பா' என்ற அரமேயச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் கிரேக்கச் சொல்லை எழுதினார். கலாத்தியருக்கும் அதே. மாற்கும் அதே. புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் அந்த வீட்டுச் சொல் அப்படியே நிற்கிறது. படிக்காதவன் பேச்சு என்று யாரும் அதைத் திருத்தவில்லை.

மரியாவை இயேசு நாசரேத்து வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்? கானாவிலும் சிலுவையடியிலும் 'பெண்ணே' என்றதுதான் நற்செய்தியில் இருக்கிறது. அரமேயத்தில் தாய்க்கு 'இம்மா'. தண்ணீர்க் குடத்தோடு அவள் உள்ளே வரும்போது சிறுவன் என்ன சொன்னான் என்பதை நற்செய்தியாளர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்.

நம்பிக்கை அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.