கண்ணாடிக்கு மேலே மூன்று மில்லிமீட்டர்

அப்பத்தா வீட்டுச் சுவரில் அத்தையின் போட்டோ இருக்கிறது. அப்பாவின் அக்கா. 1983இல் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கலர் படம். மறு வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள், பத்தொன்பது வயதில். நெகட்டிவ் கிடையாது, வேறு படமும் கிடையாது. ஃபிரேம் கண்ணாடியின் மேல், நெற்றி வரும் இடத்தில், நாற்பது வருஷத்துக் குங்குமம் காய்ந்து கெட்டியாகியிருக்கிறது.

பொங்கலுக்குப் போனபோது, ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் ஒரு பிரிண்ட் போடலாம் என்று கேட்டு வாங்கி வந்தேன். "பிரிச்சிறாதடா" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

வீட்டில் இருப்பது பிரிண்டர், ஸ்கேனர், காப்பியர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சாதாரண மெஷின். படம் மங்கலாக வந்தது. பனி மூட்டத்துக்குள் அத்தை. மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். 'டாக்குமெண்ட்' என்றிருந்ததை 'போட்டோ' என்று மாற்றினேன். 300 டிபிஐயை 600 ஆக்கினேன், பிறகு 1200. ஃபைல்தான் பெருத்தது, முகம் தெளியவில்லை. இந்த மெஷின்களின் மெனுவில் இன்னும் பெரிய எண்களும் இருக்கும். அவற்றில் பாதி பார்த்த புள்ளிகள் இல்லை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சாஃப்ட்வேர் தானாக இட்டு நிரப்பிய புள்ளிகள். (இதை யாராவது அட்டைப்பெட்டி மேல் எழுதி விற்கலாம்.)

காரணம் வேறு. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது சிஐஎஸ் என்ற சென்சார். கண்ணாடிக்கு ஒட்டி அடியில் ஒரு வரிசைக் குட்டி லென்ஸ்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் விலகினாலும் மங்கிவிடும். ஃபிரேம் கண்ணாடி, அதற்கடியில் மவுண்ட் அட்டை என்று அத்தை மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தாள். போனில் எடுத்துப் பார்த்தால் ட்யூப்லைட் அவள் முகத்தில் விழுந்தது.

ஆக வழி ஒன்றுதான், ஃபிரேமைப் பிரிப்பது. அதற்கு அப்பத்தாவைக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒரு ஆப்பில் போட்டேன். பத்து விநாடியில் கண்ணிமை முடி உட்பட எல்லாம் வந்துவிட்டது. குங்குமக் கறை போய் சுத்தமான நெற்றி. இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பும் போயிருந்தது. சின்ன வயதில் அப்பா விட்ட பம்பரம் பட்டதில் வந்த தழும்பு அது.

பிரிண்டைப் பார்த்து அப்பத்தா "அப்படியே நிக்கிறாடா" என்று அழுதாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவரிடம் தழும்பைப் பற்றிக் கேட்டேன். "விடு, சந்தோஷமா இருக்காங்கல்ல" என்றார்.

விட முடியவில்லை. 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13. ஃபைலைச் சுருக்கும்போது, ஒன்றுபோல் தெரிகிற துண்டுகளுக்கு ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தது மெஷின். எண்கள் மங்கலாக இருந்திருந்தால் யாரும் அசலை எடுத்துப் பார்த்திருப்பார்கள். அச்சடித்த மாதிரி தெளிவாக இருந்தன. மங்கல் படம் 'எனக்குத் தெரியல' என்று ஒத்துக்கொள்கிறது. என் ஆப் ஒத்துக்கொள்ளவில்லை. அது அத்தையைத் தேடிக் கண்டுபிடிக்கவும் இல்லை. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த மங்கலுக்குப் பொருந்துகிற ஒரு பெண்ணை வரைந்துகொடுத்தது.

அந்தக் கால ஸ்டுடியோக்காரரும் டச்சப் பண்ணுவாரே என்று எனக்கே ஒரு பதில் தோன்றியது. உண்மைதான். ஆனால் அவர் அவளை எதிரில் உட்காரவைத்துப் பார்த்தவர். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க முடியும். அப்பத்தா சந்தோஷமாக இருக்கிறாளே என்பதுதான் கடினமான கேள்வி. தினம் அந்த முகத்தைத்தான் பார்க்கப்போகிறாள். ஒரு வருஷத்தில் அவள் ஞாபகத்தில் இருக்கும் மகளே அந்தப் பெண்ணாகிவிடலாம். அப்படி ஒரு மாற்றத்தைச் செய்வதாக இருந்தால் அவளைக் கேட்டல்லவா செய்ய வேண்டும்? அவள் வேண்டாம் என்றது ஒரு ஃபிரேமைப் பிரிப்பதை. நான் அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்காமலே செய்திருந்தேன்.

போன மாதம் போய்ச் சொன்னேன். புருவத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அப்பத்தா."

அதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பரண்ல குறடு கிடக்கும், எடுத்தா" என்றாள்.

மவுண்ட் அட்டை இருந்ததால் படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கவில்லை. 600இல் வைத்தேன், எந்தத் திருத்தமும் இல்லாமல். பழைய கலர் பிரிண்டுகளில் சயான் சாயம் முதலில் வெளிறிப்போகும், அதனால் முகம் சிவந்து கிடந்தது. அதையும் அப்படியே விட்டேன். குங்குமம் கண்ணாடியோடு இருந்துவிட்டது. அவளே அதைத் திரும்ப மாட்டி ஆணியடிக்கச் சொன்னாள்.