முதல் மழையும் மனச்சாட்சியும்

ஒரு செயலின் விளைவு கண்ணெதிரே தெரியும்போது மனச்சாட்சி மனிதனை எளிதில் விடுவதில்லை. அண்டை வீட்டுக் கிணற்றில் குப்பையைக் கொட்ட எவரும் துணிவதில்லை. ஆனால், விளைவு பல காதங்களுக்கு அப்பால் முகமறியாத ஒருவரின் வயலைச் சென்று சேருமானால்? லட்சம் பேர் சேர்ந்து செய்த செயலில் ஒவ்வொருவர் பங்கும் ஒரு கைப்பிடியளவே என்றால், பழி யாரைச் சாரும்? நகரங்களில் பெய்யும் மழை ஆண்டுதோறும் இக்கேள்வியை எழுப்புகிறது.

பெங்களூரு, பெரிய ஆறு எதுவும் இல்லாத மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். முன்னோர் அங்கே சரிவுக்கேற்ப ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தனர். மேல் ஏரி நிரம்பி வழியும் நீரைக் கீழ் ஏரிக்குக் கொண்டு சேர்த்த பெரிய வாய்க்கால்களுக்கு ‘ராஜகாலுவே’, அதாவது அரச வாய்க்கால் என்று பெயர். மேலே இருப்பவன் தூய நீரை விட்டால்தான் கீழே இருப்பவன் வாழ முடியும். அந்த ஏரிச் சங்கிலி இத்தகைய நம்பிக்கையின் மீதே நின்றது.

இன்று அந்த வாய்க்கால்களே நகரின் மழைநீர் வடிகால்கள். கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. முன்னது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்வதற்காக அமைக்கப்பட்டது. பின்னது எவ்வித வடிகட்டலும் இன்றி நேரே ஏரியையும் ஆற்றையும் அடைவது. இவ்வேறுபாட்டைப் பலரும் அறிவதில்லை. வீட்டுக் கழிவுநீர் வடிகாலில் கலந்துவிடுவது ஒருபுறம். மறுபுறம், வறண்ட மாதங்களில் தெருவில் படிந்த வண்டி எண்ணெய், டயரும் பிரேக்கும் தேய்ந்து உதிர்ந்த துகள்கள், கட்டட வேலையின் சிமெண்ட், நாய்களின் கழிவு, பிளாஸ்டிக் ஆகிய அனைத்தையும் முதல் மழை ஒருசேரக் கழுவிச் செல்கிறது. வீட்டில் மழைநீர் சேமிப்போர் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுவது இதனால்தான். தன் தொட்டிக்கு ஆகாது என்று மனிதன் ஒதுக்கும் நீரை ஊரின் ஏரி மறுப்பின்றி ஏற்க வேண்டியிருக்கிறது.

அதன் விளைவை நாடு கண்டது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரியில், சலவைத்தூளின் ரசாயனமும் கழிவும் சேர்ந்து நுரையாகப் பொங்கிச் சாலை வரை பறந்தன. 2015ஆம் ஆண்டு மே மாதம் அந்நுரை தீப்பற்றியது. 2018 ஜனவரியில் ஏரிப்பகுதி மீண்டும் எரிந்தபோது, தீயை அணைக்க ராணுவ வீரர்களும் வர வேண்டியிருந்தது. அந்நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையை அடைகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பலமுறை பொங்கியிருக்கிறது. அந்த அணையை நம்பிப் பயிரிடும் உழவர், பெங்களூருவின் எந்தத் தெருவிலும் எண்ணெயைக் கொட்டியவர் அல்லர்.

‘என் ஒருவனால் என்ன ஆகிவிடும்?’ என்று நகரவாசி கேட்கலாம். இதே கேள்வியை ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அனைவருடைய வாதமும் சரியென்றால், அந்த ஏரியை மாசுபடுத்தியவர் எவருமே இல்லை என்றாகிவிடும். ஆனால் ஏரி எரிந்தது உண்மை. ஆகவே வாதத்தில்தான் பிழை இருக்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டும் உரியதன்று. அழுக்கும் அவ்வாறே பெருகுகிறது.

‘இது அரசின் பொறுப்பல்லவா?’ என்பது அடுத்த கேள்வி. அதில் நியாயம் உண்டு. சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டுவதும் வடிகால்களைக் காப்பதும் அரசுக்குரிய கடமைகள். அவை நிறைவேறாதபோது தனிமனிதனின் ஒழுக்கத்தை மட்டும் பேசுவது முறையாகாது. ஆயினும், 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஓர் ஆலையின் குழாயைச் சுட்டிக்காட்டிக் கணக்குக் கேட்க முடியும். லட்சக்கணக்கான வாசல்களிலிருந்து மழையோடு வழிந்தோடும் அழுக்குக்கு அவ்வாறு கணக்குக் கேட்பது அரிது. ஏரிகளையும் ஆறுகளையும் காப்பதும் உயிர்களிடத்துக் கருணை கொள்வதும் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் அக்கடமையைக் காக்க மனச்சாட்சியைத் தவிர வேறு காவலன் இல்லை.

அக்கடமை பெரும் தியாகத்தைக் கேட்கவில்லை. வாகனத்தைத் தெருவில் சோப்பு நீரால் கழுவாதிருத்தல். பழைய எண்ணெயையும் வண்ணப்பூச்சு கழுவிய நீரையும் வடிகாலில் ஊற்றாதிருத்தல். மழைக்காலத்துக்கு முன்பே வாசலைப் பெருக்கிக் குப்பையை முறையாக அகற்றுதல். முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசாமல் மழைநீர் இறங்கச் சிறிது மண்ணை விட்டுவைத்தல். இவற்றைச் செய்பவரை எவரும் பாராட்டப் போவதில்லை. பயன்பெறும் உழவரும் அவர் பெயரை அறியப் போவதில்லை. பலனை எதிர்பாராத சேவைக்கு இதைவிட எளிய பயிற்சி வேறில்லை. அடுத்த மழைக்கு முன்பே அதைத் தன் வாசலிலிருந்து ஒவ்வொருவரும் தொடங்கலாம்.